இரண்டு மரத்து இடைவெளி 20 மீட்டர் இல்லை

மலேசியத் தேசிய மகளிர் கிரிக்கெட் அணியின் தேர்வு முகாம் வரைக்கும் என் மகளைக் கூட்டிப்போனேன். கடைசி 15 பேரில் அவள் பெயர் வரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் வந்தது. அது தெரிந்ததிலிருந்து தோட்டப்புறத்துத் தாய் தகப்பன்மார் என் தையல் கடைக்கு வந்து, "அக்கா, எங்க பிள்ளையும் நல்லா பந்து போடுது, என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். ரவிக்கைக்கு அளவெடுக்கிற நேரத்தில் சொல்லி முடிகிற கதை இல்லை இது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. இந்த நாட்டில் வாணிபத்துக்காக முதன்முதலில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டது எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல். நான் பிறந்தது இன்னொரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். இப்போது அப்பா எங்களோடு பட்டணத்து வீட்டில் இருக்கிறார். என் தம்பி ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். என் மகளின் கையில் முதலில் பந்தைக் கொடுத்தது அவன்தான்.

அவள் படிவம் 1, அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் வருடம், படிக்கும்போது ஆரம்பித்தது. ஊர்த் திடலில் சாயங்காலம் காற்பந்துதான். பையன்கள் ஒரு மூலையில்கூட இடம் விடமாட்டார்கள். தம்பி அவளைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனான். செம்பனையில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைக்குப் பாதை இருக்கும். வெட்டுக்காரர்கள் தள்ளுவண்டி தள்ளுகிற பாதை அது, ஓலை அடுக்காமல் சுத்தமாக இருக்கும். வேலை முடிந்த பிறகு அங்கே ஒரு மரத்தடியில் மூன்று குச்சி நட்டு, இரண்டு மரம் தள்ளி நின்று அவள் பந்து போடுவாள். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே 10 மீட்டர் இருக்கும், இரண்டு இடைவெளி சேர்ந்தால் 20 என்று தம்பி கணக்குப் போட்டான். கிரிக்கெட் ஆடுதளம் 22 கெஜம், கிட்டத்தட்ட 20 மீட்டர். சரியாக இருக்கிறதே என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஓட்டப் பயிற்சிக்கும் அதே இரண்டு மரத்துக்கு நடுவேதான் ஓடித் திரும்புவாள்.

இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. பள்ளி அணியில் சேர்ந்தாள், மாவட்டத்துக்கு ஆடினாள். வேகம் வந்தது, ஸ்டம்ப் பறந்தது. எங்கள் சந்தோஷத்துக்கு அளவில்லை.

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. கடையை அடைத்துவிட்டுக் கிள்ளான் பண்டமாரானில் இருக்கும் பாயு எமாஸ் திடலுக்குப் போனோம். 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கிண்ணம் அந்த வருடம் நம் நாட்டில் நடந்தது. அன்று இந்தியாவும் மலேசியாவும். நம் பிள்ளைகள் 31 ஓட்டத்தில் ஆட்டமிழந்தார்கள். இந்தியா மூன்று ஓவர்கூட முழுதாக ஆடாமல் ஜெயித்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னால் இலங்கையிடம் 23 ஓட்டம். மறுநாள் கடைக்கு வந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் அவ்வளவு பெரிய ஆட்டத்தை முதல் தடவையாக ஆடியவர்கள். எதிரே நின்றது அந்தக் கிண்ணத்தை ஏற்கெனவே ஒரு தடவை வென்ற நாடு, அந்தத் தடவையும் அவர்கள்தான் வென்றார்கள். நம் பிள்ளைகளுக்குக் குறைந்தது ஆட்டங்கள். நல்ல எதிரணியோடு வருடத்துக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கிறது என்று கேட்காமல் 31 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வது நியாயமில்லை.

அன்று வைஷ்ணவி சர்மா என்ற இந்தியப் பெண், தன் முதல் ஆட்டத்திலேயே, 4 ஓவரில் 5 ஓட்டம் மட்டும் கொடுத்து 5 விக்கெட் எடுத்தாள். அதில் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட். என் மகள் ஸ்கோர் பலகையைப் பார்க்கவே இல்லை. "அம்மா, பந்து விழுற இடத்தைப் பாருங்க. திரும்பத் திரும்ப ஒரே இடம்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். தன் பந்தும் அப்படித்தான் ஒரே இடத்தில் விழுகிறது என்று நம்பியிருந்தாள். நானும்தான்.

அடுத்த மாதம் மாநில அளவிலான தேர்வு. அங்கே அவள் போட்ட முதல் 12 பந்தில் 9 பந்து குறை நீளம், மட்டைக்காரருக்கு வெகு முன்னாலேயே விழுந்தது. மட்டை பிடித்த பெண்கள் நிதானமாகப் பின்னால் போய் அடித்தார்கள். கோச் வந்து, வேகம் இருக்கிறது, கை நேராக வருகிறது, ஆனால் எல்லாமே ஷார்ட், ஏன் என்று கேட்டார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் பீப் டெஸ்ட். 20 மீட்டர் தூரத்தை ஒலிக்கு ஒலி ஓடித் தொட வேண்டும், நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூடும். வீட்டில் கைப்பேசி ஒலியை வைத்து 8ஆம் நிலை வரை ஓடியவள் அங்கே 6இல் விழுந்துவிட்டாள். பயம் என்று நினைத்தேன். காரில் அழுதாள். பின் இருக்கையில் என் அப்பா. அவர் எப்போதும் கூட வருவார், அதிகம் பேசமாட்டார்.

வீட்டுக்கு வந்து பசியாறிக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார், "எத்தனை அடி தள்ளி நின்னு போடணும் தாயி?"

"66 அடி தாத்தா."

"நீ தோட்டத்துல போட்டது 60 அடிதானே."

யாருக்கும் புரியவில்லை. அவர் சொன்னார்: "30 அடிக்கு ஒரு மரம். ரெண்டு இடைவெளி 60. நாப்பது வருசம் அந்த வரிசையில நடந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

செம்பனையை முக்கோணமாக, கிட்டத்தட்ட 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். இரண்டு இடைவெளி சேர்ந்தால் 18 மீட்டர், கொஞ்சம் கூட. ஆக, இரண்டு வருடமாக 6 அடி குறைவான ஆடுதளத்தில் என் மகள் பந்து போட்டிருக்கிறாள். கை அந்தத் தூரத்துக்குப் பழகிவிட்டது. முழுத் தளத்தில் அதே பந்து மட்டைக்காரருக்கு 6 அடி முன்னால் விழுந்தது. ஓட்டத்திலும் அதே கணக்குத்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்றே முக்கால் மீட்டர் குறைவு, 60 தடவை ஓடினால் 100 மீட்டர் குறைவு. தேர்வில் காணாமல் போனது அந்த 100 மீட்டர்.

காலையிலிருந்து இரவு வரை கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பவள் நான். கால் அங்குலம் தவறினால் ரவிக்கையின் தோள் ஏறாது என்று அடுத்தவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். என் பிள்ளை ஓடிய தூரத்தை ஒரு நாள்கூட அளக்கவில்லை. அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

என் நாடா 60 அங்குலம், அதாவது 5 அடி. 66 அடிக்கு 13 தடவை வைத்து, மேலே ஒரு அடி சேர்க்க வேண்டும். அப்பா ஒரு நைலான் கயிறு வாங்கிவந்தார். கடைத் தரையில் அதை விரித்து அளந்து வெட்டினோம். இரண்டு முனையும் ஸ்டம்ப் இருக்கும் இடம். ஒவ்வொரு முனையிலிருந்தும் 4 அடியில் ஒரு முடிச்சு, அது மட்டைக்காரர் நிற்கும் கோடு. ஒரு முனையில் நாலரை அங்குலம் உள்ளே தள்ளிச் சிவப்பு நூல் கட்டினோம். அடுத்த முனையிலிருந்து அந்த நூல் வரைக்கும் சரியாக 20 மீட்டர், அது ஓட்டத்துக்கு. பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு, திடலின் ஓர் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டோம்.

புதுத் தூரத்துக்குக் கை பழக மூன்று மாதம் பிடித்தது. முதல் மாதம் இருந்ததும் கெட்டது. பந்து தலைக்கு மேலே போனது, ஓடிவரும் காலடிக் கணக்கு தப்பியது. பழையதை மறப்பது புதியதைக் கற்பதைவிடக் கஷ்டம். இந்த நேரத்தில் பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள். நான் இரண்டு தடவை திட்டினேன், இரண்டு தடவையும் ஒரு வாரம் வீணாகியது.

பந்திலும் தவறு செய்திருந்தோம். பெண்கள் ஆட்டத்தில் பந்து 140 முதல் 151 கிராம். ஆண்கள் பந்து கிட்டத்தட்ட 156 முதல் 163 கிராம். கடையில் கிரிக்கெட் பந்து என்று மட்டும் கேட்டால் பெரியதைத்தான் எடுத்துத் தருவார்கள். தம்பி வாங்கிவந்ததெல்லாம் அதுதான். கனமான பந்தில் பழகினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் விரல் பிடிக்கும் அகலமும் மாறுகிறது, வளரும் பிள்ளையின் தோளுக்கும் பாரம். டென்னிஸ் பந்தும் கொஞ்ச நாளைக்குத்தான். தையல் மேல் விரல் வைத்துப் போடப் பழகாத பிள்ளை தோல் பந்தைத் தேர்வு நாளில் முதன்முதலாகத் தொடக்கூடாது. பெண்கள் அளவில் இரண்டு நல்ல பந்து வாங்கி, மழையில் நனையாமல் வைத்திருந்தால் போதும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் தேர்வு நாளில் வழியில் நிறுத்தி நாசி லெமாக் வாங்கிக்கொடுத்தேன். சம்பலும் தேங்காய்ப்பாலும் வயிற்றில் கிடக்க, ஒரு மணி நேரத்தில் ஓட வைத்தார்கள். அதற்கப்புறம் விடியற்காலையிலேயே வீட்டில் இட்லி, வாழைப்பழம். தண்ணீர் முந்தைய நாளிலிருந்தே.

இன்னொன்று, அம்மாக்களிடம் மட்டும் சொல்வதுபோல் சொல்லிவந்தேன், அப்பாக்களும் தெரிந்துகொள்ளட்டும். மாதவிடாய் நாளில் தேர்வு வந்தால் பிள்ளை சொல்லக் கூச்சப்படும், ஓட்டம் குறைந்தால் சோம்பேறி என்று பெயர் வரும். நாளைக் குறித்து வையுங்கள். பையில் மாற்று உடை, நாப்கின், வலிக்கு மருத்துவர் சொன்ன மாத்திரை எப்போதும் இருக்கட்டும். முகாமில் பெண் அலுவலர் யார் என்று முதல் நாளே கேட்டு அவரிடம் பேசிவிடுங்கள். பொருத்தமான உள்ளாடை மட்டைக்கும் காலணிக்கும் சமமான தேவை. அதைக் கடைசியாக வாங்கும் பொருளாக வைக்காதீர்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் கிள்ளான் பக்கம் பயிற்சி. ஈஜோக், பூஞ்சாக் ஆலாம், மேரு வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல். காலை 7.30க்குத் திடலில் நிற்க 5.45க்குக் கிளம்புவோம். சாயங்காலத்தை நம்ப முடியாது, நம் பக்கத்து மழை தெரியும்தானே. பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து வாரம் 70 வெள்ளி (ரிங்கிட்). அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் தைத்தேன். பயிற்சிக்கு வரும் இன்னொரு பிள்ளையின் குடும்பத்தோடு பேசி, ஒரு வாரம் நாங்கள், ஒரு வாரம் அவர்கள் என்று வண்டி எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. இதை முதல் மாதத்திலேயே செய்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் தேசிய முகாமுக்கு அழைப்பு வந்தது. 25 பேர். ஒரு சர்வதேசப் போட்டிக்கு அந்த 25இலிருந்து 15.

அதற்கு முன்னால் தாள்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அழைப்போடு ஒரு பட்டியல் வந்தது: பிறப்புச் சான்றிதழ், மைகார்ட் என்ற அடையாள அட்டை, குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடப்பிதழ். என் மகளிடம் எல்லாம் இருந்தது. ஆனால் பள்ளியிலிருந்து போன பாரத்தில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் அலைந்தேன். எங்களுக்கு இரண்டு நாளோடு போனது.

எங்கள் ஊரிலேயே இன்னொரு பெண் இருந்தாள். என் மகளைவிட ஒரு வயது மூத்தவள், அவளைவிட வேகம். பையன்கள்கூட அவள் பந்துக்குக் காலைப் பின்னால் இழுப்பார்கள். அவள் அப்பா மலேசியக் குடிமகன், அம்மா வெளிநாட்டுக்காரர், திருமணம் பதிவாகவில்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குச் சட்டப்படி அப்பாவின் குடியுரிமை வராது, தாயினுடையதுதான். தாயிடமும் தாள் இல்லை. மாவட்டம் வரை ஆடினாள். அதற்கு மேல் ஒவ்வொரு பாரத்திலும் அடையாள அட்டை எண் கேட்கும் கட்டம் காலியாகவே நின்றது. இப்போது அவள் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறாள். பார்க்கும்போதெல்லாம், "தங்கச்சி எப்படி ஆடுறா ஆன்ட்டி?" என்று கேட்பாள். எனக்குப் பதில் சொல்ல நாக்கு வராது.

நாட்டு அணிக்குத் தேர்வு என்றால் மட்டையும் பந்தும் என்று நினைக்கிறோம். நம் தோட்டப்புறத்தில் அது திருமணப் பதிவில், பிறப்புப் பதிவில் ஆரம்பிக்கிறது. உங்கள் உறவில் யாராவது பதியாமல் இருந்தால் பிள்ளை திடலுக்குப் போகும் வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே தேசியப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போங்கள். தனியாகப் போகப் பயப்படுகிறார்கள் என்றால் படித்தவர் ஒருவர் கூடப் போங்கள். நான் இதுவரை இரண்டு குடும்பத்தோடு போயிருக்கிறேன்.

முகாமில் பெற்றோரை உள்ளே விடவில்லை. அது நல்லதுதான். திடலின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் மெதுவாகப் புரிய ஆரம்பித்தது. நான் 25 பேரைத் திறமைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதில் வரிசை கட்டிக்கொண்டிருந்தேன். என் வரிசையில் மகள் ஒன்பதாவது. அப்படியென்றால் 15க்குள் நிச்சயம் என்று நம்பினேன். தேர்வாளர்கள் அப்படி எண்ணவில்லை.

டி20 ஆட்டத்தில் 20 ஓவர், ஒருவர் 4 ஓவருக்கு மேல் வீசக்கூடாது. ஆக, குறைந்தது ஐந்து பேர் வீச வேண்டும். ஒருத்திக்கு அன்று அடி விழுந்தால் மாற்ற ஆள் வேண்டும் என்று எந்தத் தலைவியும் ஆறு, ஏழு பேரைக் கேட்பாள். ஒரு விக்கெட் கீப்பருக்கு விரலில் அடிபட்டால் இன்னொருத்தி வேண்டும். தொடக்க ஆட்டத்துக்கு, நடுவரிசைக்கு, கடைசி ஓவர்களில் அடிப்பதற்கு என்று மட்டைக்கும் தனித்தனி வேலை. போகும் நாட்டின் தளம் மெதுவானது என்றால் சுழல் பந்துக்கு இடம் கூடும், வேகத்துக்குக் குறையும். இப்படி ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் பார்ப்பது எந்தக் கட்டத்துக்கு யார் பொருந்துகிறார் என்பதை. என் மகள் 25 பேரோடு போட்டியிடவில்லை. அவளைப் போலவே மிதவேகம் வீசும் எட்டுப் பேரோடு, நான்கு இடத்துக்காகப் போட்டியிட்டாள்.

மூன்று இடம் முதல் நாளே தெரிந்துவிட்டது, அந்த மூன்று பேரும் அனுபவசாலிகள். நாலாவது இடத்துக்கு என் மகளும் இன்னொரு பெண்ணும். அந்தப் பெண்ணின் வேகம் குறைவு. ஆனால் ஏழாவதாக இறங்கி மட்டை பிடிப்பாள், களத்தில் பாயிண்ட் என்ற இடத்தில் நின்று பந்தைப் பாய்ந்து பிடிப்பாள். என் மகள் பத்தாவதாகத்தான் இறங்குவாள். நாங்கள் அவளுக்கு மட்டை கொடுத்ததே குறைவு. பந்து போடும் பிள்ளை என்று சின்ன வயதிலேயே முத்திரை குத்திவிட்டோம். பள்ளியிலும் அப்படியே. பயிற்சி ஆட்டத்தில் 9 பந்தில் 14 ஓட்டம் தேவை, கையில் இரண்டு விக்கெட். என் மகள் இரண்டு பந்தில் அவுட். அந்தப் பெண் முடித்துக்கொடுத்தாள். மரத்தடியில் இருந்த எனக்கே முடிவு தெரிந்துவிட்டது.

ரவிக்கை மட்டும் தைக்கத் தெரிந்த ஆளை நான் கடைக்கு எடுக்கமாட்டேன். பள்ளிச் சீருடை குவியும் மாதத்தில் அவரால் உதவ முடியாது. ஆடுகளத்திலும் அதேதான். முதல் கை வேலை பிள்ளையை முகாம் வரை கொண்டுபோகும். இரண்டாவது கை வேலைதான் 15க்குள் உட்கார வைக்கும். மலேசிய அணிக்குத் தலைமை தாங்கிய வினிஃபிரெட் துரைசிங்கத்தைப் பாருங்கள். மட்டையும் பிடிப்பார், பந்தும் வீசுவார். நம் பிள்ளைகள் அவர் பெயரைக் கேட்டதும் நம்ம பெயராக இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்த நிமிர்வோடு சேர்த்து, அவர் செய்யும் இரண்டு வேலையையும் காட்டிக்கொடுங்கள்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கடையில் தலைக்கு மேல் வேலை. இரவு பத்து மணி இருக்கும். வாட்சாப்பில் பட்டியல் வந்தது. 15 பெயர், அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே நான்கு பெயர். அந்த நான்குக்கும் மேலே 'சிம்பானான்', அதாவது காத்திருப்போர், என்று தலைப்பு. அவள் பெயர் அங்கே மூன்றாவது. வங்கிச் சேமிப்புக்கும் மலாயில் அதே சொல்தான். அவள் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, நான் வெட்டிப்போட்ட துணித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். நான் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்தது அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் என்று நினைக்கிறேன். தம்பிதான் வந்து, அநியாயம், யாருக்கு யார் வேண்டியவர் என்று பார்த்து எடுத்திருப்பார்கள் என்று சத்தம் போட்டான். அவனை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னேன்: நான் நேரில் பார்த்தேன், அந்தப் பெண் நம் பிள்ளையைவிட அந்த இடத்துக்குப் பொருத்தம். பிள்ளை காதில் சதி என்ற சொல்லைப் போட்டால் நாளைக்கு அவள் எதைத் திருத்துவாள்?

மூன்று நாள் கழித்துக் கோச்சுக்கு அவளையே எழுதச் சொன்னேன். ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவேண்டாம், அடுத்த முகாமுக்குள் எந்த இரண்டு விஷயத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று கேள் என்றேன். அன்று மாலையே பதில் வந்தது. கடைசி நாலு ஓவரில் வீச மெதுவான பந்து ஒன்று. ஏழாம் இடத்தில் இறங்கி 15 பந்து நிற்க மட்டை. இவ்வளவுதான் எழுதியிருந்தார். அந்தத் தாளை அவள் தையல் எந்திரத்துக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாள்.

காத்திருப்போர் பட்டியல் என்றால் சும்மா இருப்பது என்று நினைத்தாள். பயிற்சிக்குப் போக மனமில்லை. அந்த நேரத்தில்தான் இந்தியாவிலும் இலங்கையிலும் மகளிர் உலகக் கிண்ணம் நடந்தது. அக்டோபர் கடைசியில் இந்தியத் தொடக்க ஆட்டக்காரி பிரதிகா ராவலுக்குக் கணுக்காலில் அடி. அவருக்குப் பதிலாக ஷஃபாலி வர்மாவை அழைத்தார்கள். ஷஃபாலி 15 பேரில் இல்லாதவர், காத்திருப்போர் பட்டியலில்கூட இல்லை. உள்நாட்டுப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார். நவம்பர் 2, இறுதியாட்டம். மழையால் இரண்டு மணி நேரம் தாமதம். நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டியும் ஓடியது. ஷஃபாலி 87 ஓட்டம், இரண்டு விக்கெட், ஆட்ட நாயகி. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 127 ஓட்டம் எடுத்துக் கடைசி வரை நின்ற ஜெமிமா ரோட்ரிக்ஸ், 2022 உலகக் கிண்ண அணியில் சேர்க்கப்படாதவர்.

இதை நான் அவளுக்குப் பாடமாகச் சொல்லவில்லை. அவளே பார்த்தாள். ஷஃபாலி பந்து வீசி இரண்டாவது விக்கெட் எடுத்தபோது, "அவங்க மட்டைக்காரிம்மா, பந்து போட அவங்களைக் கூப்பிடவே இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குக் காலைல கயிறு எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

போட்டிக்கு நம் அணி போனது, வந்தது. காத்திருந்தவர்களில் யாரையும் கூப்பிடத் தேவைப்படவில்லை. கடப்பிதழ் அலமாரியில் அப்படியே இருக்கிறது. அதன் கடைசித் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அவளுக்கு அடுத்து எஸ்பிஎம், படிவம் 5 முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு, வருகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி, மற்ற நாள் படிப்பு என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். எஸ்பிஎம் முடிந்த பிறகு முழு மூச்சாக ஆடவேண்டுமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

கயிறு கடையில் ஆணியில் தொங்குகிறது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அப்பா பின்னாலேயே போய், முடிச்சு நேராக இருக்கிறதா என்று பார்த்து, சுண்ணாம்புக் கோட்டைப் புதுப்பித்துவிட்டு வருவார். இப்போதெல்லாம் மட்டை பிடிக்க வரிசையில் முதலில் நிற்பது என் மகள். வேண்டியவர்கள் கடைக்கு வந்து கயிற்றை அளந்துகொண்டு போகலாம். நாடா என்னிடமே இருக்கிறது.